இடப்பக்க அடுக்கு

லியெபாயாவில் பிப்ரவரி.
கடல் மட்டும்தான் உறையவில்லை.
முற்றத்துக் கொட்டிலில் என் பிர்ச் விறகு
இரவுக்கு மூன்று நாலு கட்டையாய்க் குறைகிறது.

சந்தையில் ஆறு யூரோவுக்குக் கிடைத்தது
யாரோ பயன்படுத்திக் கழித்த கேமரா,
உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை உருண்டை.
மின்சாரம் கொடுத்ததும்
எனக்குத் தெரியாத மொழியில் ஒரு பெண் குரல்
மரியாதையாக ஏதோ சொல்லி ஓய்ந்தது.

மூன்று நாள் ரௌட்டரின் பதிவைப் படித்தேன்.
முப்பது நொடிக்கு ஒருமுறை
அது யாரையோ கூப்பிடுகிறது.
நான் பார்க்கும் முன்பே என் கொட்டிலை
எங்கோ ஒரு கிடங்கு பார்த்துவிடுகிறது.
பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்.

டிராம் ஓட்டுகிறவள் நான்.
இந்த ஊரில் டிராமுக்கு ஒரே தடம்;
போட்ட தண்டவாளத்தை விட்டு இறங்கியதில்லை.
அன்றிரவு திருகாணிகளைக் கழற்றினேன்.

உள்ளே மூன்று செப்புப் புள்ளிகள்:
தரைக்கு ஒன்று, அது பேச ஒன்று, நான் பேச ஒன்று.
துணி கவ்விக்கும் கிளிப்பால் கம்பிகளைக் கவ்வவைத்தேன்.
மூன்று புள்ளி மூன்று வோல்ட். ஐந்து கொடுத்தால் கதை முடிந்தது.

அழிக்கும் முன் பிரதி எடுக்க வேண்டும்.
பதினாறு மெகாபைட்.
படம் ஏதும் இல்லை அதில்,
ஒரு வைஃபையின் பெயர் இருந்தது: ஔஸ்மாவின் கூடு.
அப்புறம் நான்கு எண்கள்,
அசைவை இங்கே மட்டும் பார் என்று
யாரோ வரைந்த செவ்வகம்.
படத்தின் கீழே, இடது மூலை.
கதவென்றால் இன்னும் உயரம் வேண்டும்.
தொட்டிலாக இருக்கலாம், நாயாக இருக்கலாம்,
எழுந்திருக்கக் கூடாத ஒருவரின் படுக்கையாகவும்.
முழு அறையும் இருக்க
அந்த மூலை போதுமாயிருந்தது அவருக்கு.

முதல் மெமரி கார்டை அது சீந்தவில்லை; பெரியதாம்.
டிப்போவில் ஸினாயிதா
தன் பழைய போனிலிருந்து பிடுங்கித் தந்தாள் எட்டு ஜிபி.
பொத்தானை அழுத்தியபடியே வயரைச் செருகினேன்.
மஞ்சள் விளக்கு.
நான்கு நிமிடம் தொடக்கூடாது.
ஆறாவது நிமிடமும் மஞ்சள்.
ஆறு யூரோதானே என்று சொல்லிக்கொண்டேன்,
உள்ளங்கை வியர்த்தது.

பிறகு நீலம்.
அந்தப் பெண் குரல் வரவில்லை.
கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.
ரௌட்டர் பதிவில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்,
யாரையும் அது கூப்பிடவில்லை.
இன்று என்ன தேதி என்று கேட்கவும் ஆளில்லாததால்
1970 ஜனவரி ஒன்றிலிருந்து
எண்ணத் தொடங்கியிருந்தது.

எனவே, 1970 ஜனவரி இரண்டு, அதிகாலை.
நான் பிறக்க இன்னும் ஒன்பது வருடம்.
சாம்பல் வெளிச்சத்தில் மேல்மாடி குன்வால்டிஸ்,
பைஜாமா மேல் கம்பளிக் கோட்டு.
இடப்பக்க அடுக்கிலிருந்து நாலு கட்டை எடுத்தார்.
நின்றார். ஒன்றைத் திரும்ப வைத்தார்,
பட்டை மேலே வரும்படி,
நான் அடுக்குவது போலவே.

பதினெட்டு நொடி.
அதை மூன்று முறை பார்த்தேன்.
பழைய புரோகிராம் என்றால்
கிடங்கும் பார்த்திருக்கும், கிடங்கின் முதலாளியும்.
இப்போது அவர், நான், ஒரு நகக்கண் அளவு கார்டு.
இது எங்கே போகும் என்பதை
இனி வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

காலை ஆறு நாற்பது வண்டியில் ஏறினார்,
சீட்டைக் காட்டினார்.
குளிர் என்றார்.
குளிர்தான் என்றேன், கதவை மூடினேன்.

இரவு, செட்டிங்கில் ஒரு செவ்வகம் வரைந்தேன்:
கொட்டில் கதவு, சைக்கிள், வலப்பக்க அடுக்கு.
சுட்டி கொஞ்சம் வழுக்கியது, மறுபடி வரைந்தேன்.
இடப்பக்கத்தை விட்டுவிட்டேன்.
மார்ச் முடியும்வரை.
அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்,
பாஸ்வேர்ட் என்னிடம்தானே இருக்கிறது.